கஸ்ரட்டின் கலண்டர்

சிவகௌரி கூட்டித் துடைக்கிற ஏழு வகுப்பறைகளில் ஆறு வெறுமையாக இருக்கும். ஏழாவதில் மட்டும் ஒரு உயிர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகள் மூன்றரைக்கு வீட்டுக்குப் போய்விட, அவள் வாளியும் மொப்புமாக உள்ளே வருவாள். விறாந்தையின் கடைசி அறை மிஸிஸ் ஹார்ட்லியின் வகுப்பு. அங்கே யன்னலுக்கு எதிர்ப்புறம், புத்தக அலுமாரியின் மேல் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் ஒரு சாண் நீளத்தில் ஒரு பல்லி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். அதனால்தான் அதைச் சிறுத்தைப் பல்லி என்கிறார்கள். பிள்ளைகள் அதற்கு, தங்களுக்குப் பிடித்த மஞ்சள் இனிப்பின் பெயரை, கஸ்ரட் என்று வைத்திருந்தார்கள்.

பகலில் கஸ்ரட் தன் கல்லுக் குகைக்குள் படுத்துக் கிடக்கும். முப்பது பிள்ளைகளும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தாலும் வாலின் நுனி மட்டுமே தெரியும். வெளிச்சம் மங்கத் தொடங்கினால்தான் எழும்பும். குளிர் மாரிகாலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். சிவகௌரி மேசைகளைத் துடைத்துக்கொண்டு வரும்போது அது குகையைவிட்டு வெளியே வந்து, முன்னங்காலைத் தூக்கியபடி யோசித்து நின்று, பிறகு மெல்ல நடக்கும். வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமை அதற்கு இருந்தது. கண்ணை மூடித் திறந்து அது பார்க்கும்போது, ஏதோ கேட்கப்போகிறது போலவும் பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டது போலவும் இருக்கும். சிவகௌரிக்கு அது பிடித்திருந்தது. அவளும் அப்படித்தான்.

இரண்டு வருஷம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வகுப்பு ஆசிரியைக்குக்கூடத் தெரியாத சில விஷயங்கள் அவளுக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அது வெளிக்குப் போகும். நினைத்த இடத்தில் போகாது. தொட்டியின் இடது பின் மூலைக்குப் போய், வாலை உயர்த்தி, அங்கே மட்டும். மண்ணிறத்தில் ஒன்று, அதன் நுனியில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒன்று. பள்ளிக்கூடக் கக்கூசுகள் ஒன்பதைக் கழுவுகிறவளுக்கு அந்த ஒழுங்கின் அருமை விளங்கியது. மனிசருக்கு இந்தப் புத்தி இருந்தால் தன் வேலை பாதியாகிவிடும் என்று ஒருநாள் அவள் கஸ்ரட்டிடம் சொன்னாள்.

அந்தத் தொட்டியில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். மிஸிஸ் ஹார்ட்லி அடியில் பழைய பேப்பர் விரித்திருந்தார். கஸ்ரட் அந்த எழுத்துகளின் மேல் நடந்தது, படுத்தது, மூலைக்குப் போனால் அந்த எழுத்துகளின் மேலேயே வெளிக்கு இருந்தது. காலில் ஒரு புத்தகம் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் சிவகௌரி. எழுத்து என்றால் அது சரஸ்வதி. ஆனால் அவளுக்கு அது வெறும் சாமிப்பயம் மட்டுமில்லை. பன்னிரண்டு வயதில், ஏழாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றது. தாய்க்குச் சுகமில்லாமல் போக, கீழே மூன்று தம்பிமாரைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தி வளர்க்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வாசிக்கக் கிடைத்ததெல்லாம் கடையில் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கிற பேப்பர்தான். ஒவ்வொரு துண்டையும் பிரித்து, நீவி, கிழிந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று யோசித்து வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு அந்தத் தொட்டியைப் பார்க்க மனம் கூசியது. ஆனால் அது தன் வேலையில்லை என்று பேசாமல் இருந்தாள்.

பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. எண்பத்தாறில் நடுத் தம்பியோடு லண்டனுக்கு வந்தாள். தம்பி நாலு வருஷத்தில் ரொறன்ரோவுக்குப் போய்விட, அவள் மட்டும் அஞ்சலீனாவின் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்துகொண்டாள். அஞ்சலீனா மன்னார்க்காரி, கத்தோலிக்கம், கணவனை இழந்தவள், ஆஸ்பத்திரியில் வயதானவர்களின் வார்ட்டில் உதவியாளராக வேலை. சிவகௌரியைவிடப் பத்து வயது மூப்பு. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அஞ்சலீனாவே கதைத்துவிடுவாள். கவுன்சில் கடிதம், கேஸ் பில், டொக்டரின் ரிசெப்ஷன் எல்லாம் அவள் பொறுப்பு. சிவகௌரிக்கு ஆங்கிலம் கேட்டால் விளங்கும். வாயைத் திறந்தால் சொற்கள் பின்வாசலால் ஓடிவிடும்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கோடை விடுமுறைக்கு ஒரு கிழமை இருக்க, மிஸிஸ் ஹார்ட்லி மாலையில் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் கஸ்ரட்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் அவர். இந்த முறை அவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன். மற்ற ஆசிரியைமாரைக் கேட்டாராம். ஒருத்திக்குப் பூனை, ஒருத்திக்கு ஸ்பெயினில் விடுமுறை, ஒருத்திக்குப் புழுவைக் கண்டால் மயக்கம். அவர் இதை உதவி கேட்டுச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லி ஆறவேண்டும் என்று மொப்போடு நின்றவளிடம் சொன்னார். சிவகௌரி மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்து, "ஐ ரேக்," என்றாள், நான் கொண்டுபோகிறேன் என்பதாக.

சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடக் காவலாளியின் வான் வண்டியில் தொட்டி வீட்டுக்கு வந்தது. கூடவே தவிட்டுக்குள் நெளிகிற புழு டப்பா, தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் வைத்து மின்சாரத்தில் சூடாக்குகிற தட்டையான பாய், மிஸிஸ் ஹார்ட்லியின் கையெழுத்தில் ஒரு தாள், தொட்டிக்கு விரிக்க ஒரு கட்டுப் பழைய பேப்பர்.

அஞ்சலீனா படியில் நின்று பார்த்தாள். கிட்ட வரவில்லை.

"கௌரி, இது என்ன? என்னைக் கேளாமல் மேல்வீட்டில உபவாடகைக்கு ஆள் வைக்கிறியோ?"

"ஆறு கிழமைக்குத்தான் அக்கா."

"ஊரில இதைத் தும்புத்தடியாலை அடிச்சுக் கலைப்பம். நீ வானில ஏத்தி வந்திருக்கிறாய்."

ஆனாலும் அவளே மூக்குக்கண்ணாடியைப் போட்டு அந்தத் தாளை வாசித்துச் சொன்னாள். சூட்டுப் பாயை நிறுத்தக்கூடாது. பல்லிக்கு வயிற்றில் சூடு பட்டால்தான் சாப்பாடு சமிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தாறு புழு. தண்ணீர் தினமும் மாற்றவேண்டும். அடியில் பேப்பர் விரிக்கவேண்டும். சுகமில்லாமல் போனால் கூப்பிட ஒரு மிருக வைத்தியரின் நம்பர். ஏன் பேப்பர் என்று தாளில் இருக்கவில்லை. இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

சிவகௌரி சைவம். புழுவை, பஞ்சு பிடிக்கிற சின்ன இடுக்கியால் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போடுவாள். வெள்ளிக்கிழமை மட்டும் அவளால் ஏலாது. அன்றைக்கு அஞ்சலீனாவைக் கெஞ்சினாள். அஞ்சலீனா கையில் சமையலறை உறையைப் போட்டுக்கொண்டு, கையை முழு நீளத்துக்கு நீட்டி, "வெள்ளிக்கிழமையில எனக்கே இறைச்சி இல்லை, மீன்தான். உன்ரை ஆளுக்கு இறைச்சி. நல்ல நியாயம்," என்று புறுபுறுத்தபடி போட்டாள்.

வந்த மறுநாளே சிவகௌரி அந்தப் பேப்பர்க் கட்டை எடுத்துப் பார்த்தாள். ஒரு தாளை விரித்தாள். ஒரு முழுப்பக்கம் எழுத்து. தன்னால் சரளமாக வாசிக்கமுடியாத எழுத்து. அதனால் அவளுக்கு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ விரித்தது வேறு. தன் கையால் விரித்து, அதன் மேல் ஒரு உயிரை மலங்கழிக்க விடுவது வேறு. அவள் தாளை மடித்து, கட்டோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

பிறகு தனக்குள் ஒரு நியாயம் தேடினாள். இது பாலைவனத்துப் பிராணி என்று மிஸிஸ் ஹார்ட்லி பிள்ளைகளுக்குச் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். சுவரில் படமும் ஒட்டியிருந்தது. அப்படியானால் அது பிறந்த தரை மணல்தானே. ஹோ ஸ்ட்ரீற் பக்கம் ஒரு கடையில் குழந்தைகள் விளையாடுகிற மணல் மூட்டையாக விற்றார்கள். வாங்கி வந்து, தூசி போகும்வரை ஏழு தண்ணீரில் கழுவி, பின்வளவில் தட்டுகளில் பரப்பி வெயிலில் உலர்த்தி, மா அரிக்கிற அரிதட்டால் அரித்துத் தொட்டியில் கொட்டினாள். கோயில் வீதியில் புதிதாகப் பரப்பிய மணல் போல் அது மினுங்கியது. கஸ்ரட் அதில் கால் வைத்து, ஒரு தரம் நக்கிப் பார்த்து, நடந்து போனது. சிவகௌரிக்கு மனம் குளிர்ந்தது. அவ்வளவு கவனமாக, அவ்வளவு அன்பாக அவள் செய்த பிழை அது.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அம்பலவாணன் அண்ணையின் பலசரக்குக் கடைக் கலண்டர் தொங்கியது. மேலே பிள்ளையார் படம், கீழே திகதிகள். கஸ்ரட் சாப்பிட்ட நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, மூலைக்குப் போன நாளில் ஒரு புள்ளி என்று சிவகௌரி பென்சிலால் குறித்துவந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. வேறொருவரின் உயிரைக் கையில் வாங்கியிருக்கிறோம், திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்லத் தெரியவேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

முதல் இரண்டு கிழமை கோடும் புள்ளியும் ஒழுங்காக விழுந்தன. மூன்றாம் கிழமை ஒரே ஒரு புள்ளி. அதுவும் சின்னது, அதில் மணல் மினுங்கியது. அதற்குப் பிறகு புள்ளியே இல்லை. நாலு நாள் கோடு மட்டும் இருந்தது. பிறகு கோடும் நின்றது. புழு அதன் மூக்குக்கு முன்னால் நெளிந்துகொண்டு போனாலும் கஸ்ரட் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மூலைக்குப் போய் வாலை உயர்த்தும், உடம்பு நடுங்கும், ஒன்றும் வராமல் திரும்பும். சிவகௌரி அதைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள். தோல் வழியாக வயிறு நீலம் பாரித்திருந்தது. விரல் நுனியால் தொட்டாள். சுண்டல் கடலை போலக் கட்டியாக ஏதோ இருந்தது. கொழுத்துத் திரண்டிருந்த வால் கொஞ்சம் சூம்பியிருந்தது.

அஞ்சலீனா ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே சிவகௌரி விஷயத்தைச் சொன்னாள். தன் வார்ட்டில் இருபத்தெட்டுப் பேருக்கும் இதே கதைதான், மருந்துப் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து தரட்டோ என்று அஞ்சலீனா பகிடியாகக் கேட்டாள். பிறகு சிவகௌரியின் முகத்தைப் பார்த்துப் பகிடியை விட்டாள். தாளில் இருந்த நம்பருக்கு உடனே ரெலிபோன் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். செவ்வாய் அஞ்சலீனாவுக்குக் காலை ஷிப்ட். மாற்றிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"நீ தனியத்தான் போகவேணும், பிள்ளை."

"எனக்குக் கதைக்க ஏலாது அக்கா."

"அதுக்கும் ஏலாது. ஆர் முதல் வாய் திறக்கிறது எண்டு இரண்டு பேரும் இருந்து பாருங்கோ."

செவ்வாய் காலையில் அவள் கஸ்ரட்டை எடுக்கக் குனிந்தபோது ஒன்றைக் கவனித்தாள். உதட்டோரத்தில் இரண்டு மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. அவள் அப்படியே நின்றாள். மணலில் நெளிகிற புழுவை அது பாய்ந்து கவ்வுகிறதை நினைத்தாள். ஒவ்வொரு கவ்வுக்கும் ஒரு வாய் மணல். கடைசிப் புள்ளியில் மினுங்கிய துகள்களை நினைத்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. சப்பாத்துப் பெட்டியில் சுடுதண்ணீர்ப் பையைத் துவாயால் சுற்றி வைத்து, அதன் மேல் கஸ்ரட்டை விட்டு, சுவரிலிருந்த கலண்டரையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவளுக்குள் இரண்டு நினைப்புகள் மாறி மாறி வந்தன. தாளில் பேப்பர் என்று தெளிவாக எழுதியிருந்தது. வைத்தியர் கேட்டால் பேப்பர்தான் விரித்தேன் என்று சொல்லலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? தொட்டியை இன்றைக்கே கழுவிவிடலாம். மணல் என்று சொன்னால் மிஸிஸ் ஹார்ட்லிக்குத் தெரியும், தலைமை ஆசிரியைக்குத் தெரியும், சொன்னதைச் செய்யத் தெரியாதவள் என்று பெயராகும். இந்த நாட்டில் அவளுக்கு இருந்த ஒரே பெயர், கவனமானவள் என்பதுதான். அது போய்விட்டால் பிறகு அவளிடம் என்ன இருக்கிறது? ஆனால் மடியில் இருந்த பெட்டி கனக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

மிருக வைத்தியர் நரைத்த, உயரமான, சத்தம் போட்டுப் பேசாத ஒரு மனிதர். மேசையில் அன்றைய பேப்பர் ஒன்றை விரித்து, அதன் மேல் கஸ்ரட்டை விட்டு, விரலால் வயிற்றைத் தடவிப் பார்த்தார். சூடு எப்படி, என்ன சாப்பாடு, எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று கேட்டார். பதிலுக்குச் சிவகௌரி கலண்டரை விரித்துக் காட்டினாள். அவர் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்தார். கொஞ்ச நேரம் பிள்ளையாரையும் பார்த்தார். பிறகு விரலை வைத்து எண்ணி, பதினொரு நாள் என்றார். அவள் தலையாட்டினாள்.

தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று அடுத்துக் கேட்டார்.

அவள் கஸ்ரட்டைப் பார்த்தாள். அது பேப்பரில் ஒரு பெரிய தலைப்பின் மேல் கண்ணை மூடிக் கிடந்தது.

"சாண்ட்," என்றாள். பிறகு, "மை மிஸ்ரேக்."

ஏன் மணல் போட்டாய் என்று அவர் கோபமில்லாமல் கேட்டார். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பேப்பரைத் தொட்டுக் காட்டி, தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிச் சொன்னாள். எழுத்து எங்களுக்குச் சாமி. அதன் மேல் இதை இருக்கவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பள்ளிக்கூடம் சின்னனிலேயே விட்டுவிட்டேன். சொல்லி முடித்தபோது முகம் சுட்டது. அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அல்லது, சிரிக்காமல் ஒரு மாதிரிப் பார்ப்பார் என்று நினைத்தாள்.

அவர் ஒரு கையால் கஸ்ரட்டைத் தூக்கிக்கொண்டார். மறுகையால் மேசையில் இருந்த பேப்பரை எடுத்து, மடித்து, பக்கத்து அலுமாரியின் மேல் வைத்தார். சுவரில் தொங்கிய சுருளிலிருந்து வெறும் வெள்ளைக் கடதாசி ஒரு துண்டு கிழித்து விரித்து, அதன் மேல் கஸ்ரட்டை மறுபடி விட்டார். பிறகு தன் பாட்டில் வயிற்றைத் தடவத் தொடங்கினார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சிவகௌரி தன் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லவேண்டியவள், அந்தக் கடதாசி கிழிபட்ட சத்தத்துக்குச் சொல்லவேண்டிய நன்றியை மட்டும் கடைசிவரை எடைபோட முடியாமலே இருந்தாள்.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் மணல் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவளுக்கும் காட்டினார். மணல் என்று முதலிலேயே சொன்னது நல்லதாய்ப் போயிற்று, பாதிப் பேர் மறைப்பார்கள், அதைக் கண்டுபிடிக்கிறதிலேயே நாள் போய்விடும், அதற்குள் மிருகம் போய்விடும் என்றார். காலையும் மாலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வயிறு நனைகிற அளவுக்குக் கால்மணி நேரம் விடவேண்டும். வயிற்றை வால் பக்கமாக மெல்ல, மிக மெல்லத் தடவவேண்டும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு பரஃபின் மருந்தெண்ணெய், அது தானாக நக்கிக்கொள்ளும். போகிறவரைக்கும் சாப்பாடு இல்லை. சூடு மட்டும் குறையக்கூடாது. ஐந்து நாளில் போகாவிட்டால் வயிற்றைக் கீறவேண்டி வரும். இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று தன்னால் சொல்லமுடியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவுடன் மணலை முழுவதும் அள்ளிப் பின்வளவில் கொட்டி, தொட்டியைக் கழுவி, சமையலறையில் கை துடைக்கிற வெள்ளைக் கடதாசியை விரித்தாள். கடதாசியின் ஓரத்தில் பூப் படம் இருந்தது. எழுத்து இல்லை.

அன்று பின்னேரமே குளிப்பாட்டத் தொடங்கினாள். ஒரு பேசினில் தண்ணீர் கலந்து, முழங்கையைத் தோய்த்துச் சூடு பார்த்தாள். தம்பிமாரைக் குளிப்பாட்டின காலத்தில் பழகின கை அது. இருபத்தைந்து வருஷமாக வேலையில்லாமல் இருந்த அந்தப் பழக்கம் மறக்காமல் திரும்பி வந்தது. கஸ்ரட்டின் நாடியின் கீழ் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கினாள். அது அவளுடைய கட்டைவிரலை முன்னங்காலால் பிடித்துக்கொண்டு நின்றது. அஞ்சலீனா கதவு நிலையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னாள்.

புதன்கிழமை ஒன்றுமில்லை. வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சிவகௌரி விரதம் இருந்தாள். அன்று பின்னேரம் கோயில் போக வெளிக்கிட்டவள், சேலையோடு நின்று குளிப்பாட்டிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தபோது அஞ்சலீனாவின் அறையில் அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"காணாமல் போனதைத் தேடித் தாறவர் அவர்," என்றாள் அஞ்சலீனா, பார்க்காமலே. "உள்ளுக்க கிடக்கிறதை வெளியில எடுத்துத் தருவாரோ தெரியாது. கேட்டுத்தான் பாப்பம் எண்டு."

சனிக்கிழமை நாலாம் நாள். காலைக் குளிப்பாட்டலின்போது கஸ்ரட் தலையைத் தூக்கவே இல்லை. சிவகௌரி அதன் வயிற்றைத் தடவிக்கொண்டு மெல்லக் கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லாத வகுப்பில் கதைப்பது போல, எல்லாவற்றையும் சொன்னாள். பிழை என்னுடையது, நீ ஒழுங்கான ஆள், மூலையைத் தவிர வேறு இடத்தில் வெளிக்கு இருக்காத ஆள், இந்த ஒருமுறை எங்கேயாவது இருந்துவிடு என்று கேட்டாள்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தண்ணீரில் விட்டு ஏழெட்டு நிமிஷம் இருக்கும். விரலின் கீழ் அந்தக் கட்டி அசைந்தது போல இருந்தது. கஸ்ரட்டின் வால் உயர்ந்தது. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம். பிறகு தண்ணீர் கலங்கியது. ஈரக் களிமண்ணை உருட்டினது போல ஒன்று, சின்னவிரலில் பாதி நீளத்துக்கு, முழுவதும் மணல். அதைத் தொடர்ந்து இன்னொன்று. கடைசியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கொஞ்சம்.

சிவகௌரி அழுதாள். கையை எடுக்க ஏலாததால் கண்ணீர் துடைக்கப்படாமலே கன்னத்தில் ஓடியது. அஞ்சலீனா பல்லிப் பயத்தை மறந்து கிட்ட ஓடிவந்து பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ரை அந்தோனியாரே," என்றாள். "இவ்வளவும் எங்கை வைச்சிருந்தது?"

கஸ்ரட்டைத் துவாயில் ஒற்றித் தொட்டியில் விட்டபின், சிவகௌரி கலண்டருக்கு முன்னால் வந்தாள். பென்சிலைத் தேடவில்லை. சாமித்தட்டிலிருந்த குங்குமத்தில் விரலைத் தொட்டு, சனிக்கிழமைக் கட்டத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"பல்லிப் பீக்குப் பொட்டு வைச்ச முதல் ஆள் உலகத்தில நீதான்," என்றாள் அஞ்சலீனா. சொல்லிவிட்டு மேலே போய், தன் மெழுகுதிரியை அணைக்காமல் இன்னொன்றும் ஏற்றினாள்.

அடுத்த கிழமை கோடுகள் திரும்பின. அதற்கடுத்த கிழமை புள்ளிகளும். வைத்தியர் மறுபடி பார்த்து, வயிறு காலி என்றார்.

புரட்டாதி தொடங்கிப் பள்ளிக்கூடம் திறந்தது. மிஸிஸ் ஹார்ட்லி ஊன்றுகோலோடு வந்தார். சிவகௌரி என்ன சொல்வதென்று மூன்று நாள் அஞ்சலீனாவோடு இருந்து பாடமாக்கியிருந்தாள். அவருடைய முகத்தைக் கண்டதும் அத்தனையும் மறந்துபோயிற்று. வைத்தியரிடம் சொன்ன அதே சொல்லையே சொன்னாள். சாண்ட், மை மிஸ்ரேக். சொல்லிவிட்டுக் கலண்டரைக் கொடுத்தாள்.

மிஸிஸ் ஹார்ட்லி அதைப் பிள்ளைகளின் சின்ன மேசையொன்றில் விரித்துவைத்து, ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். இது என்ன, இது என்ன என்று கேட்டார். சிவகௌரி சொன்னாள். கோடு சாப்பாடு. புள்ளி மற்றது. சிவப்புப் பொட்டு எது என்று கேட்டபோது அவள் கையால் வயிற்றைக் காட்டி, பிறகு இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். மிஸிஸ் ஹார்ட்லிக்கு விளங்கியது. மூன்று வருஷமாகத் தானே வைத்திருந்த பிராணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போகிறது என்று தனக்குத் தெரியாது என்றார். பேப்பரைப் பற்றிக் கேட்டார். அவள் எழுத்தைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வதால் ஆங்கிலம் கொஞ்சம் இலகுவாக வந்தது.

மிஸிஸ் ஹார்ட்லி, உன்னுடைய அலுமாரியில் இருக்கிற அந்த நீலச் சுருள் எதற்கு என்று கேட்டார். தரை துடைக்கவும் கக்கூஸ் துடைக்கவும் பள்ளிக்கூடம் வாங்கித் தருகிற தடித்த நீலக் கடதாசி அது. அதில் ஒரு எழுத்தும் கிடையாது. சிவகௌரி இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மிஸிஸ் ஹார்ட்லியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து தொட்டிக்கு நீலக் கடதாசி விரிப்பது சிவகௌரியின் வேலையாயிற்று. கலண்டர் வகுப்புச் சுவரில் தொங்கியது. பகலில் கோடு போடுவது பிள்ளைகளின் முறை, மாலையில் புள்ளி போடுவது அவள். ஒருமுறை அவள் லீவில் நின்று திரும்பி வந்தபோது, கலண்டரின் ஓரத்தில் பென்சிலால் யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: மிஸ் கௌரி, நேற்றுப் புள்ளி இல்லை, நாங்கள் பார்த்தோம். அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். இரண்டாம் தரம் வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் மிஸிஸ் ஹார்ட்லி ஓய்வு பெற்றபோது கஸ்ரட் யாரிடம் போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதே காவலாளியின் வானில் அது மேலறைக்கு வந்து சேர்ந்தது. அஞ்சலீனா படியில் நின்று, இந்தமுறை எத்தனை கிழமைக்கு என்று கேட்டாள். இந்த வகைப் பல்லி இருபது வருஷமும் இருக்கும் என்று சிவகௌரி சொன்னாள். அஞ்சலீனா மறுபேச்சில்லாமல் சமையலறை உறையை எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை.

அந்த வருஷம் மார்கழியில் சிவகௌரி அம்பலவாணன் அண்ணையின் கடைக்குப் புது வருஷக் கலண்டர் வாங்கப் போனாள். வாடிக்கைக்காரருக்கு ஆளுக்கொன்று சும்மா கொடுக்கிறது அவருடைய வழக்கம். அவள் இரண்டு கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, வீட்டில் ஒரு சுவர்தானே, இரண்டாவது ஆருக்கு என்றார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முந்தின சிவகௌரியாக இருந்தால் ஒன்றை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போயிருப்பாள்.

"அதெனக்கில்லை அண்ணை," என்றாள். "எங்கடை வீட்டில ஒராள் இருக்கு. அது சரியா வெளிக்குப் போகுதோ எண்டு நான் எழுதி வைக்கவேணும். அது சரியாப் போனால்தான் எனக்கு அண்டைக்கு நல்ல நாள்."

அண்ணை இரண்டு கலண்டரைச் சுருட்டி, ரப்பர்பாண்ட் போட்டுக் கொடுத்தார். வயதான ஆளோ என்று இரக்கத்தோடு கேட்டார். ஓம் என்றாள் சிவகௌரி.